சிறு ரவுட்டர்களில் சமூக மெஷ் வலையமைப்பு: சேலம், சேர்வராயன் மலைப் பகுதியினருக்கான கேள்வி பதில்கள்

ஏற்காட்டுக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்தில் பள்ளி வரை வந்து நின்றுவிட்ட ஃபைபர் இணைப்பை நூலகத்துக்கும் சங்கக் கட்டடத்துக்கும் கொண்டுபோக நினைப்பவர்களையும், சேலம் நகரில் ஒரு தெருவை வைஃபையால் கோக்க விரும்புபவர்களையும் மனத்தில் வைத்து இந்தக் கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன. ரவுட்டர் ஒன்றைக் கணினியோடு இணைத்து அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்கத் தெரிந்தவருக்கு இவை போதும்.

மெஷ் வலையமைப்பு என்பது என்ன? கடைகளில் மெஷ் என்று விற்கப்படும் பெட்டிகளும் இதுவும் ஒன்றா?

வழக்கமான வைஃபையில் நடுவே ஒரு ரவுட்டர் இருக்கும். மற்ற கருவிகள் எல்லாம் அதனோடு மட்டும் பேசும். மெஷ் அமைப்பில் ஒவ்வொரு ரவுட்டரும் தன் கண்ணுக்கு எட்டும் மற்ற ரவுட்டர்களோடு பேசி, தனக்கு உரியதல்லாத தரவையும் அடுத்தவருக்குக் கடத்திவிடும். இங்கே அத்தகைய ரவுட்டர் ஒவ்வொன்றையும் கணு என்று குறிப்பிடுகிறோம். ஒரு கணு அணைந்தால், வேறு வழி இருக்கும்வரை, தரவு அந்த வழியைத் தானே தேடிக்கொள்ளும்.

வீட்டுக்கென்று இரண்டு மூன்றாக விற்கப்படும் பெட்டிகளும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் பெட்டிகளோடு மட்டுமே பேசும், ஒரே உரிமையாளரின் செயலியால் கட்டுப்படுத்தப்படும், நிறுவனம் மேம்படுத்தலை நிறுத்தினால் அதோடு முடிந்துவிடும். பல குடும்பங்களும் அமைப்புகளும் ஆளுக்கொரு கருவி வாங்கிச் சேர்க்கும் வலையமைப்புக்கு, எவரும் படித்துத் திருத்தக்கூடிய திறந்த மென்பொருளே பொருந்தும்.

எந்த மென்பொருளை நிறுவ வேண்டும்?

அடித்தளம் ஓப்பன்டபிள்யூஆர்டி, அதாவது ரவுட்டர்களுக்கான திறந்த இயங்குதளம். லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் லினக்ஸ் பயன்படுத்தப்பட்டிருந்ததால், அதன் உரிம விதிப்படி மூல நிரலை அந்நிறுவனம் 2003இல் வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து 2004இல் தொடங்கிய திட்டமே இது. இன்று பல நூறு வகை ரவுட்டர்களில் இது இயங்குகிறது.

அதன் மேல், எந்தத் தரவு எந்த வழியில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் நெறிமுறை ஒன்று வேண்டும். அத்தகைய நெறிமுறைகளில் ஒன்றான பேட்மேன்-அட்வான்ஸ்டு (சுருக்கமாகப் பேட்மேன்) 2011 முதல் லினக்ஸ் கருவகத்திலேயே இடம்பெற்றுள்ளது. முழு வலையமைப்பையும், கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஒரே பெரிய ஸ்விட்ச் பெட்டி போலக் காட்டுவதால், கைப்பேசியோடு ஒரு கணுவிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போனாலும் முகவரி மாறாது. பேபல் என்ற மற்றொரு நெறிமுறை ஐபி முகவரி அடுக்கில் வேலை செய்வது. கணுக்கள் பெருகும்போது, எல்லாருக்கும் போகும் அறிவிப்புச் செய்திகள் வலையமைப்பை அடைத்துக்கொள்ளாமல் இருக்க அது உதவும். இருபது முப்பது கணுக்களுக்குள் நிற்கும் ஒரு கிராமத்துக்குப் பேட்மேன் போதுமானது என்பது எங்கள் கருத்து.

இவற்றைத் தனித்தனியே அமைக்க நேரமோ விருப்பமோ இல்லாதவர்கள் லிப்ரேமெஷ் என்ற தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். அது ஓப்பன்டபிள்யூஆர்டியின் மேல் மெஷ் நெறிமுறைகளையும் முகவரிப் பங்கீட்டையும் முன்கூட்டியே அமைத்துத் தருகிறது. எனினும், பழுது வரும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும் என்பதால், முதல் இரண்டு கணுக்களையாவது கையால் அமைத்துப் பார்ப்பது நல்லது.

எந்த ரவுட்டரை வாங்கலாம்? வீட்டில் கிடக்கும் பழைய பெட்டி ஆகுமா?

பெட்டியின் விலையைக் காட்டிலும் அதன் நினைவகத்தைப் பார்க்க வேண்டும். 4 எம்பி ஃப்ளாஷும் 32 எம்பி ரேமும் கொண்ட பழைய வகைகளை ஓப்பன்டபிள்யூஆர்டியின் புதிய பதிப்புகள் ஆதரிப்பதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் எல்லா வீட்டிலும் இருந்த ஒற்றை இரட்டை ஆன்டெனா ரவுட்டர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். 8 எம்பி ஃப்ளாஷும் 64 எம்பி ரேமும் குறைந்தபட்சம். 16க்கு 128 இருந்தால் நிம்மதி. வெளிப்புறத்துக்கு டிபி-லிங்க் சிபிஇ510 போன்ற, ஆன்டெனாவும் ரேடியோவும் ஒரே உறையில் அடங்கிய கருவிகள் நன்றாக உழைக்கின்றன. அது 5 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது, 13 டெசிபல் ஆன்டெனா கொண்டது, 8க்கு 64 என்ற எல்லைக்குள் வருவது.

வாங்குமுன் அடிப்பக்க ஒட்டியில் உள்ள பதிப்பு எண்ணைப் பார்த்தே ஆக வேண்டும். ஒரே பெயரில் வரும் ரவுட்டரின் ஒரு பதிப்பில் ஒரு சிப்பும் அடுத்த பதிப்பில் முற்றிலும் வேறு சிப்பும் இருக்கும். ஒன்றில் இயங்குவது மற்றதில் இயங்காது. இணையத்தில் வாங்குபவர்களுக்கு எந்தப் பதிப்பு வரும் என்று முன்கூட்டியே தெரியாததால், கடையில் நேரில் அட்டைப்பெட்டியைப் புரட்டிப் பார்த்து வாங்குவது மேல்.

ஃபைபர் இணைப்போடு நிறுவனம் தந்த பெட்டியிலேயே இதை நிறுவலாமா?

கூடாது. அந்தப் பெட்டி பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. தவிர, ஃபைபர் பகுதிக்கான ஓட்டுநிரல்கள் திறந்த மென்பொருளில் பொதுவாக இருப்பதில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, அதன் லேன் துளையிலிருந்து (கணினிகளைச் செருகும் துளை) ஒரு கேபிளை உங்கள் முதல் கணுவின் வேன் துளைக்கு (இணையம் உள்ளே வரும் துளை) கொடுங்கள். இங்கே பலரைத் திணறடிக்கும் ஒன்று உண்டு: நிறுவனப் பெட்டியின் முகவரியும் ஓப்பன்டபிள்யூஆர்டியின் முகவரியும் பல சமயம் 192.168.1.1 என்றே இருக்கும். இரண்டில் ஒன்றை மாற்றும்வரை இணையம் வராது.

ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றும்போது ரவுட்டர் செத்துப்போகுமா?

அரிதாக நேரும், பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்தில் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு கோப்புகள் இருக்கும். நிறுவனத்தின் ஃபர்ம்வேரிலிருந்து முதன்முறை மாறுவதற்கு ஃபேக்டரி என்ற பெயருடையது. ஏற்கெனவே ஓப்பன்டபிள்யூஆர்டி இயங்கும் கருவியை மேம்படுத்துவதற்கு சிஸ்அப்கிரேடு என்ற பெயருடையது. கேபிள் வழியாகவே ஏற்ற வேண்டும், வைஃபை வழியாக ஏற்றக் கூடாது. ஏற்காட்டில் பிற்பகல் இடிமழையின்போது இந்த வேலையில் இறங்குவது வீண் துணிச்சல். ரவுட்டரையும் கணினியையும் யுபிஎஸ்ஸில் செருகிக்கொள்ளுங்கள். பாதியில் நின்றுபோன கருவிகளில் பலவற்றை, ரீசெட் பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்து, டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறையில் கேபிள் வழியே புதிய கோப்பை ஊட்டிப் பிழைக்க வைக்கலாம். உத்தரவாதம் போய்விடும் என்பதை மட்டும் முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எல்லாம் அமைத்த பிறகும் கணுக்கள் ஒன்றையொன்று காணவில்லை. ஏன்?

எல்லாக் கணுக்களிலும் மெஷ் ஐடி (வலையமைப்பின் பெயர்), சேனல், சேனல் அகலம், கடவுச்சொல் ஆகிய நான்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சேனலைத் தானியங்கித் தேர்வில் விட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சேனலில் போய் உட்கார்ந்துகொள்ளும். ரேடார் பயன்பாட்டோடு பகிரப்படும் நடு 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களில், ரேடார் என்று சந்தேகம் வந்தாலே கருவி வாயை மூடிக்கொள்ளும் என்பதால், 36 முதல் 48 வரையோ 149 முதல் 165 வரையோ உள்ள சேனல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாடு என்ற இடத்தில் இந்தியா என்று எல்லாக் கணுக்களிலும் குறிப்பிட வேண்டும்.

கடவுச்சொல் இல்லாதபோது இணைந்த கணுக்கள், கடவுச்சொல் வைத்ததும் பிரிந்துவிட்டால், காரணம் அநேகமாக வைஃபை கடவுச்சொல்லைக் கையாளும் டபிள்யூபேட் என்ற மென்பொருள் பொதி. இயல்பாக வரும் அதன் சிறிய பதிப்பில் மறையாக்கம் செய்த மெஷ் இணைப்புக்கு ஆதரவு இல்லை. அதை நீக்கிவிட்டு, மெஷ் ஆதரவுள்ள பதிப்பை நிறுவ வேண்டும். சில 5 கிகாஹெர்ட்ஸ் சிப்புகளுக்கான ஃபர்ம்வேரே மெஷ் முறையை ஆதரிப்பதில்லை என்பதும் உண்டு. வாங்குமுன் இதைத் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

இணைப்பு வந்து, சிறு செய்திகள் போய், பெரிய பக்கங்கள் மட்டும் பாதியில் தொங்கினால் எம்டியு அளவை, அதாவது ஒரே பொட்டலத்தில் போகக்கூடிய அதிகபட்சப் பைட்டுகளை, சரிபாருங்கள். பேட்மேன் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் மேலும் தன் குறிப்பு 32 பைட்டை ஏற்றுகிறது. கீழுள்ள இடைமுகத்தின் எம்டியு 1500 என்பதற்குப் பதிலாக 1532 ஆக இருக்க வேண்டும். மேலும், பேட்மேன் வழிநடத்தும்போது வைஃபை மெஷ்ஷின் சொந்தக் கடத்தல் வசதியை அணைத்துவிட வேண்டும். இருவரும் வழி சொன்னால் தரவு சுற்றிச் சுற்றி வரும்.

மலையில் ஒரு கணுவிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு தூரம் எட்டும்?

தூரத்தைக் கேட்பதற்கு முன் நடுவில் என்ன நிற்கிறது என்று கேட்க வேண்டும். ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு முகடுகளுக்கிடையே சிபிஇ510 போன்ற கருவிகள் சில கிலோமீட்டரை எளிதில் கடக்கும். அதே கருவிகள் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களுக்குள் இருநூறு மீட்டரில் தோற்றுவிடும். இலையடர்ந்த மரத்தினூடே 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டெசிபல் அளவில் தேய்கிறது (பத்து டெசிபல் இழப்பு என்றால் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும்) என்று வைத்துக்கொண்டால், இருபது மீட்டர் தோப்பு அனுப்பிய திறனில் நூறில் ஒரு பங்கை மட்டுமே மறுபுறம் விடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் அதுவும் மந்திரமன்று.

ஒரு கணுவிலிருந்து மற்றது கண்ணுக்குத் தெரிந்தாலும் போதாது. அலை கயிறு போல நேர்கோட்டில் மட்டும் போவதில்லை. இரு முனைகளிலும் குறுகி நடுவில் பருத்த ஒரு வெளியை அது பயன்படுத்துகிறது. ஃபிரெனெல் மண்டலம் எனப்படும் அதன் ஆரம், 5.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் இணைப்பின் நடுப்புள்ளியில் ஏறத்தாழ 3.6 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸில் 5.6 மீட்டர். இந்த ஆரத்தில் குறைந்தது அறுபது விழுக்காடாவது மரமோ கூரையோ மண்மேடோ படாமல் இருக்க வேண்டும்.

இந்த மலைக்கே உரிய ஒரு தொல்லை சில்வர் ஓக். நிழலுக்கும் மிளகுக் கொடி படர்வதற்கும் நடப்படும் இந்த மரம் நெடுநெடுவென்று உயரும். தோட்டக்காரர்கள் நிழல் மரங்களைக் கழித்துவிட்ட சில வாரங்களில் அளந்து பார்த்தால் இணைப்பு அருமையாகத் தெரியும். அடுத்த பருவத்தில் தழைத்ததும் காணாமல் போகும். அதனால் இலை மிகுந்திருக்கும் மழைக்காலத்தில் அளந்து, அப்போது கிடைக்கும் குறிகை அளவை வைத்தே திட்டமிட வேண்டும். நாகலூர், செம்மநத்தம் போன்ற பக்கங்களில் தோட்டங்களின் நடுவே வீடுகள் சிதறிக் கிடக்கும் இடங்களில், பத்துக் கணுக்களை மரங்களுக்குள் தெளிப்பதைக் காட்டிலும், பாறை மேட்டிலோ மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியிலோ ஒரே ஒரு கணுவை உயர்த்தி வைப்பது பலன் தரும்.

பனிமூட்டத்தில் இணைப்பு அறுந்துவிடாதா?

அறுவதில்லை. பத்து கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே மூடுபனியாலும் மழைத்துளியாலும் இந்தச் சிறு தூரங்களில் ஏற்படும் இழப்பு பொருட்படுத்தத்தக்கதன்று. மழை நாளில் இணைப்பு மோசமானால், நனைந்த இலைகளையோ, நீர் புகுந்த கேபிள் முனையையோ சந்தேகியுங்கள். முனைகளைக் கீழ்நோக்கித் தொங்கும் வளைவோடு கட்டினால் நீர் வழிந்து சொட்டிவிடும், உள்ளே போகாது.

கணுக்களைச் சேர்த்துக்கொண்டே போனால் வேகம் குறைவது ஏன்?

ஒரே ரேடியோவும் ஒரே சேனலும் உள்ள கணு, கேட்டுக்கொண்டிருக்கும்போது பேச முடியாது. ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்குப் போவதைத் தாவல் என்போம். முதல் தாவலில் 40 எம்பிபிஎஸ் கிடைத்தால் இரண்டாவதில் ஏறத்தாழ 20, மூன்றாவதில் 13 என்று தேயும். நடைமுறையில் இன்னும் குறையும். மெஷ்ஷைப் பற்றி மிகையாகப் பேசுபவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது வழக்கம்.

தீர்வு, எல்லாவற்றையும் மெஷ் ஆக்காமல் இருப்பதுதான். கிராமத்துக்குக் கிராமம் போகும் நீண்ட இணைப்புகளை, இரு முனைகளிலும் திசை ஆன்டெனா வைத்து, தனித்தனிச் சேனல்களில் நேர் இணைப்புகளாக அமையுங்கள். அவை போய்ச் சேரும் கட்டடத்தில் கேபிள் வழியாக இன்னொரு ரவுட்டரைக் கோத்து, அக்கம்பக்க வீடுகளுக்கு மட்டும் மெஷ்ஷைப் பரப்புங்கள். எந்தக் கைப்பேசியும் இரண்டு வைஃபை மெஷ் தாவல்களுக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொண்டால் குறை சொல்ல ஆளிருக்காது.

சேலம் நகருக்குள் அமைப்பதில் என்ன வேறுபாடு?

மலையில் மரம் எதிரி என்றால் இங்கே அண்டை வீட்டு வைஃபை. அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை போன்ற நெருக்கமான பகுதிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் நிரம்பி வழிகிறது; அதைக் கைப்பேசிகளுக்கு மட்டும் விட்டுவிட்டு, கணுக்களுக்கிடையே மொட்டை மாடிக்கு மொட்டை மாடி 5 கிகாஹெர்ட்ஸில் செல்ல வேண்டும். தகரக் கூரையும் நீர் நிறைந்த சின்டெக்ஸ் தொட்டியும் அலையை ஏறக்குறைய முழுவதுமாக மறிக்கும். தொட்டிக்குப் பின்னால் கணுவைப் பொருத்திவிட்டு மென்பொருளைக் குறை சொல்வதில் பயனில்லை.

மலையிலிருந்து கீழே சேலத்துக்கு நேரடி இணைப்பு சாத்தியமா?

லேடீஸ் சீட்டில் நின்று சேலம் நகர விளக்குகளைப் பார்த்த எவருக்கும் இந்த எண்ணம் வரும். சாத்தியமே. பத்து கிலோமீட்டர் என்று கொண்டால் 5.8 கிகாஹெர்ட்ஸில் ஃபிரெனெல் ஆரம் நடுவில் 11 மீட்டர் சொச்சம்; மலைவிளிம்பிலிருந்து சமவெளிக்குச் சரியும் கோட்டில் அந்த இடைவெளி தாராளமாகக் கிடைக்கும். சிக்கல் விளிம்பில்தான் இருக்கிறது: இடம் யாருடையது, மின்சாரம் உண்டா, வனத்துறை நிலமா என்பவற்றை முதலில் தீர்க்க வேண்டும். இத்தகைய இணைப்புக்கு 20 டெசிபலுக்கு மேற்பட்ட தட்டு ஆன்டெனாவைக் கீழ்முனையில் பெறும் திசைக்கு வைக்கலாம்; அனுப்பும் திறனை அதற்கேற்பக் குறைத்து, சட்ட வரம்புக்குள் நிறுத்த வேண்டும்.

மின்வெட்டுக்கும் இடிக்கும் என்ன செய்வது?

வெளிப்புறக் கணு ஒன்று ஏறத்தாழ 5 வாட் எடுக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி உண்டு. ஈய-அமில பேட்டரியில் பாதியையே செலவழிக்கலாம் என்பதால் எட்டு மணி நேரம் தாங்கும். சூரியத் தகட்டை நம்பும் இடங்களில், நாளொன்றுக்கு 120 வாட்-மணி தேவை. பனி மூடிய நாள்களில் நல்ல வெயில் இரண்டு மணி நேரத்துக்கே கிடைக்கும் என்று கணக்கிட்டால் 40 வாட் தகடு 80 வாட்-மணிதான் தரும், அது போதாது. 100 வாட் தகடும் மூன்று நாளைக்குத் தாங்கும் பேட்டரியும் வேண்டும். சமவெளியில் போடப்பட்ட கணக்கை அப்படியே மலைக்கு ஏற்றுவது பரவலான தவறு.

கேபிள் வழி மின்சாரத்தில் கவனம் தேவை. சிபிஇ510 வகைக் கருவிகள் 24 வோல்ட் பாசிவ் முறையில், அதாவது கருவியோடு பேசிப் பார்க்காமல் மின்சாரத்தை நேராகக் கேபிளில் அனுப்பும் முறையில், இயங்குபவை. கேபிளில் மின்சாரத்தை ஏற்றும் பெட்டியான இன்ஜெக்டரில், கேமராக்களுக்கான 48 வோல்ட் பாசிவ் வகையை மாற்றிச் செருகினால் கருவி கருகிவிடக்கூடும். இன்ஜெக்டரின் மேலேயே வோல்ட் அளவைப் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

கோடை இடிமழைக்கும் வடகிழக்குப் பருவத்துக்கும் முன்பாகக் கம்பத்தை நிலத்தொடர்பு செய்து, உறையிட்ட கேபிளும் மின்னெழுச்சித் தடுப்பானும் பொருத்துங்கள். நேரடியாக மின்னல் விழுந்தால் இவை காப்பாற்றா. அருகில் விழுவதன் பாதிப்பைக் குறைக்கும். உயரமான கணுவுக்கு ஒரு மாற்றுக் கருவியை அமைத்துத் தயாராக அலமாரியில் வைத்திருப்பதே மலிவான காப்பீடு.

இதற்கு அரசு உரிமம் தேவையா?

அலைவரிசையைப் பொறுத்தவரை, 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005 முதல் உரிம விலக்குப் பெற்றது. ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்துக் கதிர்வீச்சுத் திறன் 4 வாட்டுக்குள் இருக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் 5150 முதல் 5350, 5470 முதல் 5725, 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையான பகுதிகள் 2018 அக்டோபர் அறிவிக்கையால் வெளிப்புறப் பயன்பாட்டுக்கும் திறக்கப்பட்டன. ஒவ்வொரு பகுதிக்கும் தனித் திறன் வரம்பு உண்டு. நாட்டுக் குறியை மாற்றிக் கூடுதல் திறனைப் பெறும் குறுக்குவழிகளை இணையத்தில் காணலாம். அது சட்டமீறல், அடுத்தவருக்கு இடையூறும்கூட.

இணையத்தைப் பகிர்வது வேறு விஷயம். உங்களுக்குள் கோப்புகளும் பாடங்களும் பரிமாறிக்கொள்ளும் உள்வலையமைப்புக்கும், இணைய இணைப்பைப் பொதுமக்களுக்கு விற்பதற்கும் சட்டத்தின் முன் பெரும் வேறுபாடு உண்டு. வீட்டு இணைப்புத் திட்டங்களின் ஒப்பந்தங்கள் பொதுவாக மறுவிற்பனையைத் தடுக்கின்றன. பொதுமக்களுக்கு வைஃபை தர விரும்பினால், 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டம் உள்ளது. அதன் கீழ் பொதுத் தரவு அலுவலகம் (வைஃபை வழங்கும் சிறு நிலையம்) நடத்தும் கடைக்காரருக்கோ சங்கத்துக்கோ உரிமம் தேவையில்லை, பதிவுபெற்ற ஒரு தொகுப்பாளரோடு இணைந்தால் போதும்.

இந்தியாவில் யாராவது இதைச் செய்திருக்கிறார்களா?

இமாசலப் பிரதேசத்தின் தர்மசாலாவில், 2005இல் வெளிப்புற வைஃபை தளர்த்தப்பட்ட உடனேயே, டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர்களைக் கொண்டு மெஷ் அமைக்கப்பட்டது; ஏர்ஜல்தி அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. மலைச்சரிவு, குரங்கு, நிலையற்ற மின்சாரம் என நமக்குள்ள அத்தனையும் அங்கும் உண்டு. வெளிநாடுகளில் ஜெர்மனியின் ஃப்ரைஃபுங்க், ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2004இல் தொடங்கி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கணுக்களாக விரிந்த குய்ஃபி ஆகியவை பெரியவை. குய்ஃபி பிற்பாடு தன் முதன்மைத் தடங்களில் ஃபைபரைப் போட்டுக்கொண்டது என்பது கவனிக்கத்தக்கது.

என் ரவுட்டர் வழியாகப் போகும் பிறருடைய தரவை நான் பார்க்க முடியுமா? என்னுடையதை அவர்கள்?

வங்கித் தளங்களும் பெரும்பாலான செயலிகளும் தாமே மறையாக்கம் செய்வதால் உள்ளடக்கம் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியக்கூடும். கணுக்களுக்கிடையே எஸ்ஏஇ என்ற கடவுச்சொல் முறையில் மறையாக்கம் வைத்தால் வழியில் நிற்கும் அந்நியருக்கு எதுவும் கிடைக்காது, ஆனால் கணுவை நிர்வகிப்பவருக்கு அது தடையன்று. ஆகவே நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதை எல்லாருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள்.

இணையம் அறுந்தால் மெஷ் எதற்குப் பயன்படும்?

மலைப்பாதையில் மண் சரிந்து கேபிள் அறுந்தாலும் கணுக்கள் தமக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கும். பள்ளியில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றை வைத்து, அதில் கிவிக்ஸ் மென்பொருளின் வழியே தமிழ் விக்கிப்பீடியாவை முழுவதுமாக ஏற்றிவிட்டால், இணையமில்லாத நாளிலும் மாணவர்கள் படிக்கலாம். பாடக் காணொளிகளையும் அங்கேயே வைத்தால், ஒரே காணொளியை நாற்பது பேர் தனித்தனியே இறக்கும் வீண்செலவும் குறையும்.

பராமரிப்பில் எதை மறக்கக் கூடாது?

மேம்படுத்தும்போது எப்போதும் கடைக்கோடிக் கணுவிலிருந்து தொடங்கி உள்நோக்கி வர வேண்டும். நடுக்கணுவை முதலில் மேம்படுத்தி அது எழும்பாவிட்டால், அதற்கு அப்பாலுள்ள அனைத்தும் கைக்கு எட்டாமல் போய், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குவதே வேலையாகிவிடும். ஒவ்வொரு கணுவின் அமைப்புக் கோப்பையும் காப்பெடுத்து வையுங்கள். பேட்மேனின் நான்காம் வகையில் இணைப்புத் தரம் 255க்கு எவ்வளவு என்று காட்டப்படும். மாதம் ஒருமுறை அதைக் குறித்து வந்தால், எந்த மரம் வளர்ந்திருக்கிறது என்பது இணைப்பு அறுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

எங்களுக்குக் குறுஞ்செய்தி மட்டும் போதும். இவ்வளவு ஏற்பாடு தேவையா?

தேவையில்லை. லோரா என்ற, குறைந்த வேகத்தில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோவில் இயங்கும் மெஷ்டாஸ்டிக் என்ற திறந்த மென்பொருள் அதற்குப் பொருந்தும். இந்தியாவில் உரிம விலக்குள்ள 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், மிகக் குறைந்த மின்சாரத்தில், மரங்களினூடேயும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். படமோ குரலோ போகாது. மேட்டுத் தோட்டத்தில் காட்டெருமை இறங்கியிருக்கிறது என்ற சேதி போகும்.